செல்வியக்காவின் காது

ராசிபுரத்திலிருந்து ஆத்தூர் போகும் சாலையில், பழைய நூல் கிடங்கு ஒன்றுக்கு வெள்ளையடித்து, தரையில் ரப்பர் விரிப்புப் போட்டு, குழந்தைகள் வளர்ச்சி மையமாக மாற்றியிருக்கிறார்கள். இரண்டு வயதாகியும் பேச்சு வராத பிள்ளைகள், பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைகள், நாள் முழுக்க ஒரே சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருக்கும் பிள்ளைகள், இவர்களையெல்லாம் பெற்றவர்கள் அங்கே தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அந்த மையத்தில் தமிழ்ச்செல்வி வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்த உத்தரவில் 'ஆயா' என்று போட்டிருந்தது. ஆனால் டாக்டரைத் தவிர மற்ற எல்லாருக்கும் அவர் செல்வியக்காதான்.

அதற்கு முன்னால் பதினான்கு வருஷம் தறி ஓட்டியவர். கணவர் மணியன் விசைத்தறி ஃபிட்டர். வீட்டுக்குப் பின்னாலேயே கொட்டகை, நான்கு தறி. நான்கும் ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவர் கத்தினாலும் கேட்காது. அந்த இரைச்சலுக்குள்ளேயே எந்தத் தறியில் ஊடை நூல் அறுந்தது, எதில் பெல்ட் தளர்ந்தது என்று செல்வி திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுவார். கூட வேலை செய்த பெண்கள் பலருக்கு நாற்பதிலேயே காது மந்தமாகிவிட்டது. செல்வி மட்டும் வந்த முதல் வாரத்திலிருந்தே கழிவு நூலைச் சுருட்டிக் காதில் அடைத்துக்கொண்டார். "சீமை ராணியாட்டம் பண்றா" என்று சிரித்தார்கள். அவர் சட்டை செய்யவில்லை. காது தப்பியது, முட்டி தப்பவில்லை. நிற்கிற வேலை கூடாது என்று வைத்தியர் சொன்ன பிறகு, உட்கார்ந்து பார்க்கிற வேலை என்று நம்பி மையத்துக்கு வந்தார். உட்கார நேரமே இல்லாத வேலை என்பது இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது.

மையத்தின் பெரிய அதிசயம் ஒரு ரோபோ. பொறியியல் கல்லூரி ஒன்று ஆராய்ச்சிக்காகக் கொடுத்து வைத்திருந்தது. முழங்கால் உயரம், வெள்ளை உடம்பு, வட்டமான கண்கள். புதிதாக ஒரு ஆள் எதிரில் உட்கார்ந்தால் அழுகிற பிள்ளைகள்கூட அதைப் பார்த்தால் அழுகையை நிறுத்திவிடும். செல்வி அதைத் 'தம்பி' என்பார். தினமும் காலையில் ஈரத்துணியால் அதன் முகத்தைத் துடைப்பது அவர் வேலை.

சோதனை எளிமையானது. அம்மாவின் மடியில் பிள்ளை உட்காரும். எதிரில் ரோபோ. வலது சுவரில் ஒரு சின்னத் திரை, இடது சுவரில் ஒரு சின்னத் திரை. ரோபோ பிள்ளையைப் பார்க்கும். பிறகு தலையை ஏதாவது ஒரு பக்கம் திருப்பும். ஒருவர் ஒரு பக்கம் பார்த்தால், என்னவென்று நாமும் அந்தப் பக்கம் பார்ப்போம் இல்லையா? ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது தானாக வந்துவிடும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலருக்கு அது எளிதில் வராது. பிள்ளை சரியான பக்கம் பார்த்தால் திரையில் ஒரு பேருந்தோ நாய்க்குட்டியோ தெரியும். இப்படிப் பன்னிரண்டு முறை. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி, ஒரே வேகம். மனுசனால் அப்படிச் செய்ய முடியாது என்பதுதான் ரோபோவின் பெருமை. முடிவு சொல்வது ரோபோ அல்ல, டாக்டர் சாரதாமணி. ஆனால் அவர் சேர்த்துப் பார்க்கிற விஷயங்களில் அந்தப் பன்னிரண்டுக்குப் பெரிய இடம் இருந்தது.

டாக்டரும் ரோபோவை இயக்குகிற பொறியாளர் குணசீலனும் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கணினி முன்னால் உட்காருவார்கள். அறைக்குள் பிள்ளை, அம்மா, மூலையில் ஒரு முக்காலியில் செல்வி. பிள்ளை எழுந்து ரோபோவின் தலையைப் பிடுங்காமல் பார்த்துக்கொள்வதற்காக அவரை அங்கே உட்கார வைத்திருந்தார்கள்.

ஜூன் மாதக் கடைசியில் நாமகிரிப்பேட்டைப் பக்கத்திலிருந்து சௌந்தர்யா தன் மகன் கௌசிக்கைக் கூட்டி வந்தாள். பையனுக்கு இரண்டு வயது எட்டு மாதம். அப்பா கதிர், ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டியில் மத்தியப் பிரதேசத்தில் இருந்தான். கூடவே கதிரின் அப்பா சின்னுசாமியும் வந்திருந்தார். "பையனுக்கு ஒண்ணுமில்லீங்க. இவ சும்மா பயந்துக்கிறா" என்று வாசலிலேயே எல்லாரிடமும் சொல்லிவிட்டார்.

கௌசிக் பன்னிரண்டில் பதினொன்று சரியாகப் பார்த்தான்.

மூலையிலிருந்த செல்விக்கு அதில் ஏதோ உறுத்தியது. மறுபடி மறுபடி பார்த்தார். ஆறாவது முறை புரிந்தது. ரோபோ தலையைத் திருப்பிய பிறகு பையன் திரும்பவில்லை. ரோபோ திரும்புவதற்கு ஒரு கண்ணிமைப்புக்கு முன்னாலேயே திரும்பிவிட்டான். ரோபோவின் முகத்தை அவன் பார்க்கவே இல்லை.

டாக்டர் சாரதாமணிக்குக் கௌசிக் விஷயத்தில் சந்தேகம் இருந்தது. ஆனால் பதினொன்று என்பது நல்ல எண். "இப்போதைக்குக் கவலைப்பட ஒன்றுமில்லை, ஆறு மாதம் கழித்து வரவும்" என்று எழுதிக் கொடுத்தார். சின்னுசாமி காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "நாஞ் சொன்னனில்லீங்க?" என்று சிரித்தார். சௌந்தர்யா சிரிக்கவில்லை. வாசலில் செல்வி குனிந்து, "போய்ட்டு வா சாமி" என்று இரண்டு முறை சொன்னார். பையன் திரும்பவில்லை. சுவரில் சுற்றிய காற்றாடியின் சத்தத்தைத்தான் தலை சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

அன்று சாயங்காலம் முழுக்க செல்விக்கு அதே நினைப்பு. படித்தவர்கள் இரண்டு பேர் பார்த்து முடிவு பண்ணியிருக்கிறார்கள், ரோபோவைத் துடைக்கிற ஆளுக்கு இதில் என்ன வேலை என்று தன்னையே கேட்டுக்கொண்டார். ஆனால் முன்னாலேயே திரும்பினானே? எப்படித் தெரிந்தது அவனுக்கு? படுத்த பிறகுதான், அவன் திரும்புவதற்கு முன்னால் தன் காதில் விழுந்த ஒரு சின்னச் சத்தம் நினைவுக்கு வந்தது.

மறுநாள் காலை டாக்டர் வருவதற்கு முன்னால் குணசீலனிடம் போனார்.

"ஏனுங் தம்பி, பையன் பொம்மையப் பாத்துத் திரும்பலீங்க. அந்தத் திரைக்குப் பின்னால ஒரு சத்தம் வருது. அதக் கேட்டுத்தான் திரும்புறான்."

"சத்தமா? அதுல சத்தம் வர்றதுக்கு ஒண்ணுமே இல்லீங்கக்கா."

"மே மாசம் கரண்டு ஏறி ஒரு திரை கருகுச்சில்ல? பொறவு ஒவ்வொரு திரைக்கும் ஒரு டப்பா மாட்டுனீங்க. அதுக்கப்புறந்தானுங்க."

குணசீலனின் முகம் மாறியது. அந்த டப்பாவை வாங்கியதும் நின்று மாட்ட வைத்ததும் அவன்தான். முன்பெல்லாம் இரண்டு திரைகளும் எப்போதும் மின்சாரத்தில் இருக்கும். மறுபடி கருகிவிடக் கூடாது என்று, எந்தத் திரை தேவையோ அதற்கு மட்டும் அந்த நேரத்தில் மின்சாரம் போகிற மாதிரி டப்பாவை வைத்திருந்தான். ரோபோ தலையைத் திருப்புவதற்கு அரை நொடி முன்னால் அதற்குள் இருக்கும் விசை தட்டி மின்சாரத்தை விடும்.

"ரெண்டு மாசமா நான் ஒரு தடவகூடக் கேக்கலீங்களே."

"நீங்க கண்ணாடிக்கு அந்தாண்ட இருக்கீங்க. எப்படிக் கேக்கும்? ஒண்ணு பண்ணுங்க. என்னைய உக்கார வெச்சு ஓட்டுங்க."

செல்வி அம்மாக்கள் உட்காருகிற நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு துண்டை எடுத்துக் கண்ணை இறுகக் கட்டிக்கொண்டார். குணசீலன் கண்ணாடிக்குப் பின்னால் போய்ச் சோதனையைத் தொடங்கினான். செல்வியின் வலது கை உயர்ந்தது. பிறகு இடது. மறுபடி இடது. ஒவ்வொரு முறையும் கை உயர்ந்த பிறகுதான் ரோபோவின் தலை திரும்பியது. அவன் குறித்துக்கொண்டே வந்தான். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு.

அவன் உள்ளே வந்து, தானும் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். செல்வி சொன்னபடி சோதனை தானாக ஓடும்படி விட்டிருந்தான். அவனுக்கு ஏழுதான் சரியாக வந்தது. செல்வி ஏசியை நிறுத்தினார். இப்போது அவனுக்கும் கேட்டது. அரிசி ஒன்றைப் பல்லில் கடித்த மாதிரி ஒரு 'டிக்'. வலது பக்கம். அப்புறம் இடது பக்கம்.

"நமக்கே கேக்குதுங்க. அந்த மாதிரிப் பிள்ளைங்கள்ல சிலதுக்குக் காது எவ்வளவு கூர்மைன்னு உங்களுக்குத் தெரியாதா?" என்றார் செல்வி.

டாக்டர் சாரதாமணி வந்ததும் இருவரும் சொன்னார்கள். அவர் கைப்பையை மேசையில் வைத்துவிட்டு நேராக அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அவருக்கு ஒன்பது சரியாக வந்தது. கண்கட்டை அவிழ்த்தபடியே கேட்டார்.

"டப்பா மாட்டின பிறகு எத்தனை பிள்ளைங்க?"

"முப்பத்தொண்ணுங்க மேடம்" என்றான் குணசீலன். தயங்கித் தயங்கி மேலும் சொன்னான். "டப்பாவை இன்னிக்கே கழட்டிர்றேன். நமக்குச் சந்தேகமான பிள்ளைங்கள மட்டும் மறுபடி கூப்பிட்டாப் போதுமில்லீங்களா? கல்லூரிக்குத் தெரிஞ்சா ரோபோவ எடுத்துட்டுப் போனாலும் போயிருவாங்க."

"எல்லாரையும் கூப்பிடணும்" என்றார் டாக்டர். "கல்லூரிக்கு நானே எழுதறேன். குணசீலன், உங்க மேல எழுத மாட்டேன். டப்பா மாட்டின அன்னைக்கு நான் அந்த அறைக்குள்ள ஒரு தடவ வந்து உக்காந்து பாத்திருக்கணும். பாக்கல." பிறகு செல்வியிடம் திரும்பினார். "செல்வி, நேத்தே உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதுங்க. சொல்லலாமா வேண்டாமான்னு ஒரு ராத்திரி யோசிச்சிட்டேனுங்க."

"இனிமே யோசிக்காதீங்க. கண்ணாடியத் தட்டிக் கூப்பிடுங்க."

தொலைபேசியில் சொன்னால் பாதிப் பேர் வரமாட்டார்கள் என்று செல்விக்குத் தெரியும். நல்ல செய்தி வாங்கிக்கொண்டு போனவர்கள் மறுபடி எதற்கு வருவார்கள்? "நானே போய்க் கூப்பிட்டுட்டு வாரேனுங்க" என்றார். அடுத்த மூன்று வாரம் டவுன் பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் அலைந்தார். முதலில் போனது கௌசிக் வீட்டுக்கு.

மரவள்ளிக் காட்டுக்கு நடுவில் ஓட்டு வீடு. சின்னுசாமி வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். செல்வி சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு குரலை உயர்த்தினார்.

"ஏனுங்கம்மா, ஒரு நாளு நல்லாருக்கான்னு சொல்றீங்க. அடுத்த வாரம் வந்து இல்லேங்கறீங்க. பிள்ளையோட விளையாடற விளையாட்டுங்களா இது? ஊரு பூரா சொல்லீட்டனே நானு."

"உங்க கோவம் நாயந்தானுங்க. தப்பு எங்களுது. மெசின்ல வெச்ச டப்பாவோடது. பையனோடதும் இல்ல, அவங்க அம்மாவோடதும் இல்ல. அதச் சொல்லீட்டுப் போலாம்னுதான் நானே வந்தேன். இல்லாட்டி ஒரு போன் போட்டிருப்பேனுங்க."

சௌந்தர்யா நிலைப்படியில் நின்றிருந்தாள். இடுப்பில் கௌசிக். அவள் அழுதுகொண்டிருந்ததை இருவரும் அப்போதுதான் கவனித்தார்கள்.

"எனக்குத் தெரியுங்கக்கா" என்றாள். "அந்தக் காகிதத்த வாங்குன நாள்ல இருந்து ஊடு பூராச் சந்தோசமா இருக்குது. என்னாலதான் முடியல. இவனோட அப்பா போன்ல, உனக்குத்தான் பைத்தியம், மெசினே சொல்லீருச்சேன்னாரு. எனக்கே எம்மேல சந்தேகம் வந்துருச்சு. ஒரு அம்மாக்காரி இப்படியா நெனைப்பான்னு."

"நீ நெனச்சதுல தப்பில்ல கண்ணு. நானும் அதேதான் பாத்தேன்."

சின்னுசாமி எழுந்து போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார். "எப்ப வரோணும்னு சொல்லுங்க" என்று மட்டும் கேட்டார்.

டப்பாக்கள் இல்லாமல் நடந்த சோதனையில் கௌசிக் பன்னிரண்டில் ஒன்றைத்தான் பார்த்தான். அடுத்த கட்டமாக ரோபோ கையை நீட்டி, "அங்க பாரு" என்று சொன்னபோது மூன்று. டாக்டர் அதை மட்டும் வைத்து முடிவு பண்ணவில்லை. இரண்டு நாள் கூட உட்கார்ந்து விளையாடிப் பார்த்தார். வீட்டில் எப்படி என்று சௌந்தர்யாவிடம் ஒரு மணி நேரம் கேட்டார். பிறகு ஆட்டிசம் என்று சொன்னார். இது நோய் அல்ல, யாரும் வளர்த்ததால் வந்ததும் அல்ல, அவன் உலகத்தைப் பார்க்கிற விதம் வேறு. நாம் அவனுக்கும் அவன் நமக்கும் வழி பழக வேண்டும், அதற்கு இந்த வயது நல்ல வயது என்று நிதானமாக விளக்கினார்.

"ஆறு மாசம் உட்டிருந்தா?" என்று கேட்டார் சின்னுசாமி.

"ஆறு மாசம் போயிருக்குங்க" என்றார் டாக்டர்.

முப்பத்தொரு பிள்ளைகளில் இருபத்தொன்பது பேர் திரும்ப வந்தார்கள். நான்கு பேருக்கு முடிவு மாறியது. ஒரு குடும்பம் பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூர் போயிருந்தது. அக்கம்பக்கத்தில் நம்பர் வாங்கிப் பேசி, அங்கேயே ஒரு டாக்டரிடம் போகச் செய்தார் செல்வி. இன்னொரு குடும்பம் கிடைக்கவே இல்லை. கெங்கவல்லிப் பக்கம் செங்கல் சூளையில் இருந்தவர்கள், காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். அந்தப் பெண் பிள்ளையின் பெயர் கனிஷ்கா. அந்தப் பக்கத்திலிருந்து யார் மையத்துக்கு வந்தாலும் செல்வி இன்றுவரை விசாரிக்கிறார்.

கல்லூரிக்காரர்கள் ரோபோவை எடுத்துக்கொண்டு போகவில்லை. இரண்டு பேராசிரியர்கள் வந்து, அந்த அறையிலேயே அரை நாள் உட்கார்ந்து செல்வியைக் கேள்வி கேட்டார்கள். அவர் தறிக் கொட்டகையிலிருந்து ஆரம்பித்துச் சொன்னார், எழுதிக்கொண்டார்கள். இந்த மாதிரி ரோபோ வைத்திருக்கிற எல்லா இடங்களுக்கும் ஒரு புது விதி போனது. எந்தப் பொருளை மாட்டினாலும் கழற்றினாலும், காது நன்றாகக் கேட்கிற ஒருவர் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து பார்க்க வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலே பாதி சரியாக வந்துவிடும் என்பதால், பன்னிரண்டில் ஆறு ஏழுக்கு மேல் சரியாக வந்தால் பிள்ளைகளை உள்ளே விடக் கூடாது. அறிக்கையின் முதல் பக்கத்தில் பிழையைக் கண்டறிந்தவர் என்று தமிழ்ச்செல்வியின் பெயர் இருந்தது. டாக்டர் சாரதாமணி அதை மையத்தில் எல்லாரையும் நிற்க வைத்துச் சத்தமாக வாசித்தார். பக்கத்தில் நின்ற குணசீலன்தான் முதலில் கை தட்டினான். அடுத்த மாதம் வந்த உத்தரவில் 'ஆயா' இல்லை. 'மதிப்பீட்டு உதவியாளர்' என்று இருந்தது. மணியன் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டினார். ஸ்பேர் பார்ட்ஸ் வாங்கப் போகிற கடையிலெல்லாம், "என்ற ஊட்டுக்காரி மெசினுக்கே பெயில் மார்க்குப் போட்டவ" என்று சொல்லிக்கொண்டிருந்தார். செல்வி அவரைத் திட்டினார். ஆனாலும் சட்டத்தைக் கழற்றச் சொல்லவில்லை.

பங்குனியில் ஒரு நாள், பதினோரு மணி இருக்கும், வெயிலில் கறுத்துப்போன ஒரு ஆள் கௌசிக்கைத் தோளில் வைத்துக்கொண்டு மையத்துக்கு வந்தான். சௌந்தர்யா பின்னால் வந்தாள். வாரம் மூன்று நாள் அவளோடு வருகிற பையனை எல்லாருக்கும் தெரியும். இந்த ஆளைத் தெரியவில்லை.

"இங்க செல்வியக்கா யாருங்க?" என்று கேட்டான்.

"நாந்தானுங்க."

"நானு கதிருங்க. இவனோட அப்பா." பையனை இறக்கி விட்டான். "போன்ல இவளப் பைத்தியம்னு சொன்னவன் நாந்தானுங்க. நேர்ல வந்து சொல்லோணும்னு நெனச்சேன். அதுக்குத்தான் வந்தேன்."

"அவகிட்டச் சொன்னீங்களா?"

"சொல்லீட்டேனுங்க. இவ இன்னும் பேசல."

"பேசுவா" என்றார் செல்வி. சௌந்தர்யா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

"இன்னொண்ணுங்க" என்றான் கதிர். "நேத்துச் சாயங்காலம் இவனத் தூக்கிட்டுக் காட்டுக்குப் போனேன். வரப்புல ஒரு மயிலு நின்னுட்டிருந்துது. இவன் என்ற மொகவாயப் புடிச்சுத் திருப்புனானுங்க. வெரல நீட்டி அதக் காட்டுனான். காட்டீட்டு, நானு பாத்தனான்னு என்ற மொகத்தப் பாத்தான். எட்டு நாளாச்சு நான் ஊருக்கு வந்து. நேத்துத்தான் என்னையப் பாத்தான்னு தோணுச்சுங்க."

செல்வி உடனே கேட்டார்: "மயில மொதல்ல பாத்தது யாரு? நீங்களா, அவனா?"

"அவந்தானுங்க. நானு எங்கியோ பாத்துட்டிருந்தேன்."

"நீங்க ஒண்ணும் சொல்லலியே? அங்க பாருன்னு?"

"இல்லீங்க. வாயே தொறக்கல."

அந்த நேரத்தில் டாக்டர் வேறொரு பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் யாரும் கூப்பிடக் கூடாது என்பது மையத்தின் சட்டம். செல்வி நேராகப் போய்க் கண்ணாடியைத் தட்டினார். டாக்டர் பதறிக்கொண்டு வெளியே வந்தார்.

கதிர் முதலிலிருந்து இன்னொரு முறை சொன்னான். இந்த முறை கையால் செய்தும் காட்டினான். கௌசிக்குக்கு இப்போது பேசத் தெரிந்தது நான்கு வார்த்தைதான். மிக்சி ஓடினால் இன்னமும் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவான். டாக்டர் அவன் கோப்பை எடுத்து, நின்றபடியே எழுதத் தொடங்கினார். மயிலைச் சுட்டிக் காட்டினான், தந்தையின் முகம் பார்த்தான் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார்.

செல்வி அவர் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"'தானா'ன்னு போடுங்க டாக்டரம்மா. யாரும் சொல்லிக் குடுக்கல."

டாக்டர் வரிக்கு மேலே ஒரு குறி போட்டு, 'தானாகவே' என்று சேர்த்து எழுதினார்.